குவைத்தில் எனக்குப் பிடித்துப்போனவை

குவைத்தில் அப்படி என்னதான் இருக்கிறது, அங்கே போக ஏன் இப்படித் தவிக்கிறீர்கள் என்று உங்கள் அம்மா கேட்டபோது நான் "சம்பளம்" என்று சொல்லிவிட்டேன். அது உண்மைதான். ஆனால் அது மட்டும் இல்லை. மீதியைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. நான் பத்தாவது வரைதான் படித்தேன், எழுதிப் பழக்கமும் இல்லை. ஆனாலும் பெரியவளும் சின்னவனும் ஒரு நாள் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். பிழை இருந்தால் பெரியவளே, நீ திருத்திக்கொள்.

நீங்கள் இருவரும் பிறந்து வளர்ந்த காலம் முழுக்க நான் குவைத்தில் ஒரு லாண்டரியில் துணி தேய்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஊர் ஆண்கள் கழுத்திலிருந்து கணுக்கால் வரை வெள்ளை அங்கி போடுவார்கள். அதைச் சுருக்கம் ஒன்றுகூட இல்லாமல், காலர் நிமிர்ந்து நிற்கும்படி தேய்த்துக் கொடுக்க வேண்டும். அதுதான் என் வேலை. சேத்தியாத்தோப்புக்குப் பக்கத்தில் இருக்கும் நம் ஊருக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு முறை பெட்டியோடு வந்து போகும் ஆளாகத்தான் என்னை உங்களுக்குத் தெரியும். சின்னவன் சின்னக் குழந்தையாக இருந்தபோது, நான் வந்து இரண்டு மூன்று நாள் ஆனதும், "இந்த மாமா எப்பம்மா போவும்?" என்று கேட்டானாம். அதைச் சொல்லிச் சிரித்தோம். நானும் சேர்ந்துதான் சிரித்தேன்.

இந்த முறை வந்தது சாதாரண லீவு இல்லை. லாண்டரி கைமாறியது. புது முதலாளி, "பழைய விசாவை முடித்துக்கொண்டு ஊருக்குப் போ, புது விசா அனுப்புகிறேன், இரண்டு மூன்று மாதத்தில் வந்துவிடு" என்றார். புது விசா என்றால் சென்னையில் மறுபடி மெடிக்கல் எடுக்க வேண்டும். ரத்தம், கண், நெஞ்சு எக்ஸ்ரே. வாலிப வயதில் அதை முடி வெட்டிக்கொள்வது மாதிரி முடித்துவிட்டுப் போனவன் நான். இந்த முறையும் அப்படித்தான் என்று நினைத்துப் போனேன்.

கவுண்டரில் இருந்தவர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

"அன்ஃபிட்."

"எதுக்கு சார்? எனக்கு ஒன்னும் இல்லியே?"

"நெஞ்சுப் படத்துல ஏதோ இருக்கு. டாக்டர்கிட்ட காட்டுங்க. அடுத்தவங்க வாங்க."

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து இறங்கியபோது மாலையாகிவிட்டது. உங்கள் மாமா, அதாவது உங்கள் அம்மாவின் தம்பி, ஷேர் ஆட்டோவோடு காத்திருந்தான். அவனுக்கு எதையும் சிரிப்பாகப் பேசித்தான் பழக்கம்.

"இன்னா மாமா, எழவு வூட்டுக்குப் போய்ட்டு வந்த மாதிரி வர? பெயிலாக்கிட்டானுவளா?"

"ஆமாண்டா."

அவன் வண்டியில் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்து, "எல்லாரும் கொஞ்சம் எறங்குங்க, பின்னால வண்டி வருது, அதுல ஏறிக்கங்க" என்றான். அவர்கள் முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார்கள். என்னை மட்டும் ஏற்றிக்கொண்டு புவனகிரி வழியாக நேராக வீட்டுக்கு ஓட்டினான். வழியெல்லாம் ஒரே ஒரு வார்த்தைதான் பேசினான்: "அக்காகிட்ட நான் சொல்றேன், நீ பேசாம வா."

அன்றிலிருந்துதான் எனக்கு அந்த ஊர் ஞாபகம் ஓயாமல் வர ஆரம்பித்தது. அங்கே இருந்தபோது நான் அதைப் பெரிதாக நினைத்ததே இல்லை. திரும்பிப் போக முடியாதோ என்ற பயம் வந்த பிறகுதான் ஒவ்வொன்றாக வந்து கண் முன்னால் நின்றது. எல்லாம் சின்னச் சின்ன விஷயம். சொன்னால் சிரிப்பீர்கள்.

எங்கள் ரூமுக்கு அடுத்த சந்தில் ஒரு ரொட்டிக்கடை. கடை என்றால் வெறும் ஜன்னல்தான். உள்ளே மண் அடுப்பு, சின்னக் கிணறு மாதிரி குழிவாக இருக்கும். வயசான ஈரான்காரர் ஒருவர் மாவை விரித்து அடுப்பின் சுவரில் அறைவார். கண்ணை மூடித் திறப்பதற்குள் கம்பியால் எடுத்து ஜன்னல் பலகையில் வீசுவார். முறம் அகலத்துக்கு ஒரு ரொட்டி. விடிந்ததும் அங்கே வரிசை நிற்கும். எனக்கு முன்னால் பெரிய காரில் வந்த ஒருவர் நிற்பார், எனக்குப் பின்னால் ரோடு பெருக்குகிற பங்களாதேஷ்காரர் நிற்பார். எல்லோருக்கும் ஒரே ரொட்டி, எல்லோருக்கும் ஒரே வரிசை. குளிர் நாளில் ரொட்டியைச் சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டு ரூமுக்கு நடப்பேன். அந்தச் சூடு அப்படி ஒரு சுகம். இந்த நெஞ்சில்தான் ஏதோ இருக்கிறது என்று இப்போது சொல்கிறார்கள்.

அப்புறம் தண்ணீர். அந்த ஊரில் வீட்டு மதிலுக்கு வெளியே, பள்ளிவாசல் பக்கத்தில், கடைத்தெருவில் என்று எங்கே பார்த்தாலும் ஒரு பெரிய கூலர் வைத்திருப்பார்கள். யார் வேண்டுமானாலும் குடிக்கலாம். ஐஸ் மாதிரி இருக்கும். போன புதிதில், ஒரு பெரிய வீட்டு மதிலோரம் அப்படி ஒரு கூலரைப் பார்த்துவிட்டுத் தாகத்தோடு தள்ளி நின்றேன். யாராவது வந்து ஊற்றுவார்கள் என்று நின்றேன். அந்த வீட்டுக்காரர் காரை எடுக்க வெளியே வந்தார். என்னைப் பார்த்துவிட்டு அவரே குழாயைத் திறந்து டம்ளரில் பிடித்துக் கையில் கொடுத்தார். நான் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவப் போனேன். "வேண்டாம், வேண்டாம்" என்று கையை ஆட்டினார். டம்ளரை என் கையிலிருந்து வாங்கி, தானும் அதிலேயே பிடித்துக் குடித்துவிட்டுப் போனார்.

இது ஏன் எனக்கு இவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குப் புரியாமல் போகலாம். நான் சின்னவன் வயதில் இருந்தபோது, நம் ஊர் டீக்கடையில் நம் காலனிக்காரர்கள் குடிக்கும் கிளாஸ் கடைக்கு வெளியே கீற்றில் செருகியிருக்கும். நாமே எடுத்து, குடித்து, கழுவி, மறுபடி செருக வேண்டும். இப்போது பேப்பர் கப் வந்துவிட்டது, அந்தக் கிளாஸ் இல்லை. ஆனால் புதிதாக ஒருவரோடு பேச ஆரம்பித்தால் மூன்றாவது கேள்வியில் "எந்தத் தெரு?" என்று வந்துவிடுகிறது. குவைத்தில் இருந்த இத்தனை வருடத்தில் ஒருவர்கூட என்னிடம் அதைக் கேட்கவில்லை. இந்தியா என்றால் இந்தியா, அத்தோடு சரி. அவர்களுக்கும் நாம் கீழே இருக்கிற ஆட்கள்தான், அது எனக்குத் தெரியாமல் இல்லை. கத்தியிருக்கிறார்கள், அங்கியை முகத்தில் எறிந்திருக்கிறார்கள். ஆனால் எல்லா வெளியூர்க்காரனையும் பார்த்து ஒரே மாதிரி கத்தினார்கள். எனக்கென்று தனியாக ஒன்றும் இல்லை. அது எவ்வளவு நிம்மதி என்பதை என்னால் எழுத முடியவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒன்று உண்டு. வாரத்தில் அன்றுதான் லீவு. வெளியே வெயில் கொளுத்தும், தாரில் செருப்பு ஒட்டும். ரூமில் ஏசி ஓடும். என் கட்டிலைச் சுற்றிப் பழைய பெட்ஷீட்டைத் திரையாகக் கட்டியிருந்தேன். திரையை இழுத்துவிட்டுக் கம்பளியைக் கழுத்து வரை போர்த்திப் படுத்துக்கொள்வேன். அந்த ஒரு ஆள் நீளத்துக்குள் யாரும் வர மாட்டார்கள். தூங்க வேண்டும் என்றுகூட இல்லை, சும்மா கிடப்பேன். சாயந்திரம் எழுந்து போய் டின் பால் ஊற்றிக் காய்ச்சிய டீயை நின்றபடியே குடிப்பேன்.

இவ்வளவுதான் பிள்ளைகளா. உங்களை விட்டுவிட்டு ஓட வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் நம் வீட்டில், ஒரே அறையில், நீங்கள் எல்லோரும் எனக்கு இடம் கொடுத்து ஒதுங்கி ஒதுங்கி உட்காரும்போது, நான் எங்கே உட்காருவது என்று எனக்கே தெரியவில்லை. சிதம்பரத்துக்குப் போனால் ஏடிஎம் அறைக்குள் போய் நின்றுகொள்வேன். பணம் எடுக்க இல்லை, அந்தக் குளிருக்காக. ஒரு நாள் வாட்ச்மேன் கண்ணாடியைத் தட்டினார்.

"இன்னாங்க, உள்ளயே குடித்தனம் பண்ணப் போறீங்களா?"

"கார்டு வேலை செய்யலைங்க."

"கார்டை இன்னும் வெளியவே எடுக்கலியே நீங்க!"

வெளியே வந்துவிட்டேன். வெயிலில் நின்றபோது, இனிமேல் வாழ்க்கை முழுக்க இப்படித்தானோ என்று பயமாக இருந்தது.

உங்கள் மாமாதான் விசாரித்துச் சிதம்பரத்தில் நெஞ்சு டாக்டர் ஒருவரிடம் கூட்டிப்போனான். வயசான அம்மா. படத்தை வெளிச்சத்தில் மாட்டி, பென்சிலால் காட்டினார்.

"இந்த வெள்ளையா தெரியுதே, இது தழும்பு. எப்பவோ காசநோய் மாதிரி லேசா வந்திருக்கும். நீங்க காய்ச்சல்னு மாத்திரை போட்டுட்டு வேலைக்குப் போயிருப்பீங்க. அது தானா ஆறிடுச்சு."

"இப்ப இருக்குதா மேடம்?"

"இருக்கிற மாதிரி தெரியல."

"ஆறிப்போச்சுன்னா அப்புறம் ஏன் மேடம் வேணாங்கறாங்க?"

"அவங்க சட்டம் அப்படி" என்றார். உங்கள் மாமா குறுக்கே புகுந்தான்.

"மேடம், இந்தத் தழும்பு மறையறதுக்கு க்ரீம் கீம் ஏதாவது இருக்குதா?"

"அது உள்ள இருக்குப்பா."

"இல்ல மேடம், குடிக்கிற மாதிரி."

அந்த அம்மா சிரித்துவிட்டார். பிறகு, கடலூரில் சளிப் பரிசோதனை செய்து, கிருமி இல்லை என்று வந்தால் தானே ஒரு சர்டிபிகேட் எழுதித் தருவதாகச் சொன்னார். அதைச் சென்னைக்கு அனுப்பினால் சிலருக்கு மறுபடி படம் எடுத்துப் பார்ப்பார்கள், ஆனால் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். அவர் சொன்னதில் "ஆனால்" என்பது என் காதில் விழவே இல்லை. கடலூரில் சளி கொடுத்தால் குவைத்துக்குப் போய்விடலாம் என்றுதான் நான் கேட்டுக்கொண்டேன்.

இதில் உங்கள் அம்மா செய்த வேலையை எழுதினால் கோபித்துக்கொள்வாள், ஆனாலும் எழுதுகிறேன். தழும்பு என்று கேட்டதும் அவள் ஆடாதொடை இலையைத் தேடிக் கிளம்பிவிட்டாள். காலையில் ஆடாதொடைக் கஷாயம், சாயந்திரம் தூதுவளை ரசம். நடுவில் பெண்ணாடத்திலிருந்து யாரிடமோ சொல்லி வாங்கி வந்த வெல்லம். கரும்பு ஆலையில் தூசியில் நிற்கிறவர்கள் வெல்லம் தின்றுதான் நெஞ்சைக் கழுவிக்கொள்கிறார்களாம். நெஞ்சு சுத்தமானால் படமும் சுத்தமாகிவிடும் என்பது அவள் கணக்கு. நானும் மறுக்கவில்லை. எதைக் கொடுத்தாலும் விழுங்கும் நிலையில் இருந்தேன்.

கடலூர் ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன டப்பாவைக் கொடுத்து, வெளியே மரத்தடியில் போய் இருமிச் சளியெடுத்து வரச் சொன்னார்கள். நான் இருமினேன். ஒன்றும் வரவில்லை. இன்னும் பலமாக இருமினேன். கொண்டுபோய்க் கொடுத்தேன். டப்பாவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த லேப் அம்மா உதட்டைப் பிதுக்கினார்.

"அண்ணே, இது எச்சில். எனக்குச் சளி வேணும்."

"சளி இல்லியேம்மா."

"சளி இல்லாதவரு ஏன் சளி டெஸ்டுக்கு வந்தீங்க?"

மறுபடி மரத்தடிக்குப் போனேன். குனிந்தும் நிமிர்ந்தும் இருமினேன். தொண்டை எரிந்ததுதான் மிச்சம். அங்கே உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், எலும்பும் தோலுமாக இருந்தார், தன் டப்பாவை நிரப்பி வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா தம்பி, வரலியா?"

"வரலைங்க."

"என்னோடதுல பாதி வேணா எடுத்துக்க. நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்."

"ஐயோ, வேணாங்க! நான் குவைத்துக்குப் போவணும்!"

அவர் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு இருமலாக மாறி அவர் மரத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டியதாகிவிட்டது. நான் முதுகைத் தடவிக் கொடுத்தேன். அவ்வளவு நோயில் இருக்கும் மனுஷன் சிரிக்கிறார். ஒன்றும் இல்லாத நான் மரத்தடியில் நின்று அழுதுகொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் உங்கள் அம்மா வாயில் கை வைத்துக்கொண்டாள்.

"கஷாயத்த குடுத்து நானே கெடுத்துட்டனா?"

அன்றிலிருந்து எல்லாம் தலைகீழ். கஷாயத்தை நிறுத்தினாள். காலையில் பழைய சோறும் தயிரும், சாயந்திரம் தலைக்கு ஊற்றிக்கொண்டு ஈரத்தோடு காற்றாட உட்கார வேண்டும். புருஷனுக்குச் சளி பிடிக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்ட பெண்ணை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. சின்னவன் தும்மினால் திட்டுவாள், நான் தும்மினால் சந்தோஷப்படுவாள். கடைசியில் சளி பிடித்தது. கொண்டுபோய்க் கொடுத்தேன். லேப் அம்மா டப்பாவைப் பார்த்து, "இப்பதாண்ணே நல்லா இருக்கு" என்றார். கிருமியை வளர்த்துப் பார்க்கிற டெஸ்டும் சேர்த்து எடுப்பதால் முழு ரிசல்ட் வரப் பல வாரம் ஆகும் என்றார்கள். அதற்குள் குவைத் முதலாளி இரண்டு முறை போன் செய்துவிட்டார். "வருகிறேன் பாபா, வருகிறேன்" என்று சொல்லி வைத்தேன். அங்கே முதலாளியை அப்படித்தான் கூப்பிடுவோம்.

அந்த வாரங்களில்தான் பார்சல்கள் வர ஆரம்பித்தன. நம் பக்கத்தில் அது வழக்கம். ஒருவன் லீவு முடிந்து கிளம்புகிறான் என்றால், அங்கே ஆள் இருக்கிற வீடுகளில் இருந்தெல்லாம் ஆளுக்கொரு பொட்டலம் கொண்டுவந்து கொடுப்பார்கள். போகும்போது நம் துணிமணியைக் குறைத்துக்கொண்டாவது அதை எடுத்துப் போக வேண்டும். எனக்கும் மற்றவர்கள் அப்படித்தான் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். நான் வந்த அன்றே இரண்டு மூன்று மாதத்தில் கிளம்புவேன் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். மெடிக்கல் விஷயம் வெளியே தெரியாது. எனவே வழக்கப்படி வந்தது: நார்த்தங்காய் ஊறுகாய், முறுக்கு, ஒரு வீட்டில் பண்ருட்டிப் பக்கத்து முந்திரிப் பருப்பு, ஒரு வீட்டில் நெத்திலிக் கருவாடு. வாசம் வெளியே வராமல் இருக்கக் கருவாட்டைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிச் சுற்றித் தைத்தே கொடுத்தார்கள்.

கருவாடு கொண்டுவந்த அக்காவுக்கு அங்கே ஒரே மகன், டிரைவர். என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"ஜாஸ்தி இல்ல தம்பி, அரைக் கிலோதான். புள்ள கேட்டுகினே இருக்குது. நீ என்னைக்குப் போற?"

"டிக்கெட் வரணும்க்கா."

"டிக்கெட்டு போட்டதும் சொல்லு. இன்னும் கொஞ்சம் வறுத்துத் தரேன். அவன் இளைச்சிருக்கானான்னு பாத்துட்டு சொல்லு இன்னா."

சரி என்று தலையாட்டினேன். அந்தப் பொட்டலங்களைக் கட்டிலுக்கு அடியில் அடுக்கி வைத்தோம். பெரியவள் அங்கே உட்கார்ந்து படிக்கும்போது மூக்கைப் பொத்திக்கொள்வாள். ஒவ்வொரு பொட்டலமும் "நீ போகிறாயா, இல்லையா?" என்று கேட்கிற மாதிரி இருக்கும். உண்மையைச் சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று உங்கள் அம்மா சொன்னாள். நான் விடவில்லை. திருப்பிக் கொடுத்தால் போக மாட்டேன் என்று நானே சொன்னதாகிவிடும் என்று பயந்தேன்.

ரிசல்ட் வாங்கப் போகும்போது பெரியவளும் கூட வந்தாள். ரிப்போர்ட் இங்கிலீஷில் இருக்கும், படித்துச் சொல்ல ஆள் வேண்டும் என்று நான்தான் கூப்பிட்டேன். பஸ்ஸில் ஜன்னல் ஓரத்தை எனக்குக் கொடுத்தாள். கடலூர் போய்ச் சேரும்வரை அவள் பள்ளிக்கூடத்துக் கதை சொன்னாள். இவ்வளவு நேரம் நாங்கள் இருவரும் சேர்ந்து பேசியது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

கவுண்டரில் வாங்கியதும் அவள் நின்ற இடத்திலேயே படித்தாள்.

"அப்பா, நெகட்டிவ்! ஒன்னுமே இல்லப்பா உனக்கு!"

அவள் குதித்ததைப் பார்த்து வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஆஸ்பத்திரி வாசலில் நின்று இரண்டு பேரும் கரும்பு ஜூஸ் குடித்தோம். ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து என் விசா வேலையைப் பார்க்கும் ஏஜெண்டுக்கு அனுப்பினேன். சிதம்பரம் டாக்டர் அம்மாவிடம் சர்டிபிகேட்டை அன்று சாயந்திரமே வாங்கிவிடலாம், நாளைக்கே சென்னைக்குப் போகலாம் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். ஜூஸ் கிளாஸைக் கீழே வைப்பதற்குள் ஏஜெண்ட் போன் செய்துவிட்டார்.

"அண்ணே, பார்த்தேன். சந்தோஷம்தான். ஆனா ஒன்னு சொல்லிடறேன். நான் நேத்தே மெடிக்கல் சென்டர்ல பேசிட்டேன். தழும்பு படத்துல இருந்தா எந்த சர்டிபிகேட்டும் எடுபடாது. உங்க பேர் கம்ப்யூட்டர்ல ஏறிடுச்சு. அந்தப் பக்கம் எந்த அரபு நாட்டுக்கும் போக முடியாது."

"கிருமி இல்லைன்னு எழுதியிருக்குதே?"

"கிருமி இல்லண்ணே. தழும்பு இருக்குது இல்ல? இனிமே அதை நம்பாதீங்க. முதலாளிகிட்ட வேற ஆள் பாத்துக்கச் சொல்லிட்டாங்க போல. ஊர்லயே ஏதாவது பாருங்க."

போனை வைத்தேன். பெரியவள் என் முகத்தைப் பார்த்து, "இன்னாப்பா?" என்றாள். "ஒன்னுமில்ல, முடியாதாம்" என்றேன். பஸ் பிடிக்க எதிர்ப்பக்கம் போக வேண்டும். நான் நடந்தேன்.

இனி எழுதப்போவதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டியது. குவைத்தில் ரோட்டில் வெள்ளைக் கோடு போட்ட இடத்தில் நாம் காலை வைத்தால் வண்டி நின்றுவிடும். எப்பேர்ப்பட்ட பெரிய காராக இருந்தாலும் நிற்கும். உள்ளே இருப்பவர் கையைக் காட்டிப் போகச் சொல்வார். லாண்டரிக்கும் ரூமுக்கும் நடுவில் அப்படி ஒரு இடம் எனக்கு இருந்தது. தினமும் அந்தக் கோட்டில் கால் வைக்கும்போதெல்லாம், ஒரு கார் எனக்காக நிற்கிறதே என்று உள்ளுக்குள் சந்தோஷப்படுவேன். வருடக்கணக்கில் நடந்து நடந்து, பார்க்காமலே கால் வைக்கும் பழக்கம் வந்துவிட்டது. கடலூரில் அந்த ஆஸ்பத்திரிக்கு எதிரேயும் வெள்ளைக் கோடு போட்டிருந்தார்கள். நான் இரண்டு பக்கமும் பார்க்கவில்லை. கால் வைத்தேன், நடந்தேன்.

லாரி பிரேக் போட்ட சத்தம் கேட்டுத்தான் நின்றேன். கைக்கு எட்டும் தூரத்தில் நின்றிருந்தது. டிரைவர் தலையை வெளியே நீட்டிக் கத்தினார்.

"யோவ்! சாவறதுக்கு என் வண்டிதான் கெடச்சுதா? பொண்ண வச்சிகினு வந்து வுழறியே, அறிவில்ல?"

பெரியவள் ஓடி வந்து என்னைப் பின்னால் இழுத்தாள். பஸ்ஸில் என் சட்டையைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்கு வந்ததும் அம்மாவின் காதில் என்னவோ சொன்னாள். உங்கள் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு என் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"புள்ள சொல்றது நெசமா?"

நான் வெள்ளைக் கோட்டைப் பற்றிச் சொன்னேன். திரும்பத் திரும்பச் சொன்னேன்.

"கோடு போட்டிருந்தா லாரி நிக்கும்னு பச்சப்புள்ளகூட நம்பாது. இன்னொரு காரணம் சொல்லு."

நான் மறுபடி அதே கோட்டைப் பற்றித்தான் சொன்னேன்.

அதற்கு மறுநாள் உங்கள் மாமா வந்து கட்டிலுக்கு அடியில் இருந்த பொட்டலங்களை ஆட்டோவில் ஏற்றினான். சேத்தியாத்தோப்பிலிருந்து வேறொருவர் கிளம்புகிறார், அவரிடம் கொடுத்துவிடுவதாகச் சொன்னான். கருவாட்டுக்கார அக்காவுக்கு எப்படியோ தெரிந்து வீட்டுக்கு வந்துவிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். "இனிமே நீ இங்கயே இருப்பியா தம்பி? புள்ளைங்களுக்கு நல்லதுதான்" என்றார். அந்த வார்த்தை திட்டியதைவிடக் கஷ்டமாக இருந்தது.

பிள்ளைகளா, நான் சாகப் போகவில்லை. எந்த ஊரில் நிற்கிறேன் என்பதை ஒரு நிமிஷம் மறந்துவிட்டேன், அவ்வளவுதான். ஆனால் பொய் எழுதக் கூடாது என்பதால் இதையும் எழுதுகிறேன். லாரிச் சத்தம் கேட்டபோது எனக்குப் பயமே வரவில்லை. பெரியவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் வந்தது. அந்த நடுவில் இருந்த கொஞ்ச நேரத்தை நினைத்தால்தான் இப்போது எனக்குப் பயமாக இருக்கிறது. அதை உங்கள் அம்மாவிடம் நேற்றுச் சொன்னேன். அவள் அழவில்லை. "இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமே" என்றாள். டாக்டர் அம்மாவிடம் மறுபடி கூட்டிப்போகிறேன், இந்த முறை நெஞ்சுக்கு இல்லை என்றாள். சரி என்றேன்.

சிதம்பரத்தில் ஒரு லாண்டரியில் ஆள் கேட்கிறார்களாம். இன்னும் போய்ப் பார்க்கவில்லை. போகிற தெம்பு வரவில்லை.

இப்போது ரோட்டைக் கடக்கும்போது பெரியவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்கிறாள். கையைக் கோர்த்துக்கொள்வதில்லை, மணிக்கட்டைத்தான், உதறினாலும் விடுபடாத மாதிரி பிடிக்கிறாள். நான் உதறுவதில்லை. வண்டிகள் எல்லாம் போகும்வரை ஓரத்திலேயே நிற்கிறோம். நிறைய நேரம் நிற்க வேண்டியிருக்கிறது.